ஆடிக் காற்றில் நாலு ஸ்பிரிட் அடுப்பு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இருப்பவர்கள் மீதியைப் படியுங்கள். நாலு அடுப்பில் மூன்று நானே செய்தவை, ஒன்று காசு கொடுத்து வாங்கியது. நாலையும் ஒரு வருஷத்துக்கு மேலாக வீட்டு மொட்டை மாடியிலும் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் எரித்துப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு மூட்டை கட்டச் சொன்னால் என் கை தானாக எடுப்பது மில்க்மெய்ட் டின்னில் செய்த அடுப்பைத்தான். அதையும் தனியாக எடுக்க மாட்டேன், அதற்கென்று வெட்டி வைத்திருக்கும் காற்றுத் தகட்டோடு சேர்த்துத்தான் எடுப்பேன். தகடு இல்லாமல் போனால் எந்த ஸ்பிரிட் அடுப்பும் நம் பக்கத்துக் காற்றுக்கு நிற்காது.

டெல்டாவில் எதற்கு அடுப்பைச் சுமக்க வேண்டும், விடியக்காலம் நாலு மணிக்கே டீக்கடை திறந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். என் சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார். ஆனால் திருவையாற்றிலிருந்து பூம்புகார் வரை பெரிய சாலையை விட்டுவிட்டுக் காவிரிக் கரையோடு நடந்து பாருங்கள், ஊர் இருக்கிற இடத்தில்தான் கடை, ஊருக்கும் ஊருக்கும் நடுவில் மூங்கில் கொத்தும் மோட்டார் கொட்டகையும்தான். சித்தப்பாவுக்குச் சர்க்கரை. காலை ஏழு மணிக்குள் மாத்திரை, போட்ட அரை மணியில் வயிற்றுக்கு ஏதாவது போயாக வேண்டும், அடுத்த கடை வரட்டும் என்று அவரால் காத்திருக்க முடியாது. போன ஆடியில், ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்னால், இரண்டு பேரும் கிளம்பினோம். கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, அப்புறம் பூம்புகார். நூறு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும், நாலு நாளில் நடந்தோம். ராத்திரி தெரிந்தவர்கள் வீட்டிலும் சத்திரத்திலும் தங்கினோம், காலைக் காப்பியும் டிபனும் மட்டும் படித்துறையில் இந்த அடுப்பில்.

ஸ்பிரிட் அடுப்பு ஒன்றும் புதிதில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பியில் திரி போட்டு எரித்த ஸ்பிரிட் விளக்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். சுவீடனில் 1925ல் ஆரம்பித்த டிரான்ஜியா என்ற கம்பெனி 1951 முதல் பித்தளை பர்னர், காற்றுத் தடுப்பு, பாத்திரம் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி ஓர் அடுப்பைச் செய்து விற்கிறது, இன்றைக்கும் அதே வடிவம்தான். அதைப் பார்த்தும் பார்க்காமலும் மலை ஏறுகிறவர்களும் நடந்து போகிறவர்களும் எடையைக் குறைப்பதற்காகக் குளிர்பான டின்னிலும் மீன் டின்னிலும் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். பம்ப் அடிக்க வேண்டாம், அடைத்துக்கொள்ள நாசில் இல்லை, கெட்டுப்போக வால்வு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் சத்தமே கேட்காது. ஆற்றுத் தண்ணீர் படியில் மோதுகிற சத்தத்தோடு காப்பித் தண்ணீர் கொதிக்கிற சத்தமும் தனியாகக் கேட்கும், எனக்கு இந்த அடுப்பு பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான்.

முதலில் செய்தது குளிர்பான டின் அடுப்பு. இணையத்தில் தேடினால் எல்லாரும் காட்டுவது இதைத்தான். ஒரே மாதிரி இரண்டு அலுமினிய டின்னை எடுத்து அடிப்பாகத்தை மூன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, ஒன்றின் ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருக்கி மற்றதுக்குள் சொருக வேண்டும். நடுவில் டின் தகட்டிலேயே வெட்டிய ஒரு உள்வளையம். மேல் ஓரத்தில் குண்டூசியால் 16 துளை. நடுக்குழியில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் அரை நிமிஷத்தில் உடம்பு சூடாகி, இரண்டு சுவருக்கும் நடுவில் ஸ்பிரிட் ஆவியாகி, 16 துளையிலும் மல்லிகை மொட்டு மாதிரி நீலச் சுடர் நிற்கும். முதல் தடவை அப்படி நின்றபோது நானும் என் பையனும் மொட்டை மாடி விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அழகில் இதை மிஞ்ச மற்ற மூன்றாலும் முடியாது.

ஆனால் அதன் சுவர் 0.1 மில்லிமீட்டர் கனம்தான், காகிதம் மாதிரி. முதல் இரண்டும் சொருகும்போதே கிழிந்தன, மூன்றாவதுதான் நின்றது. அதுவும் பேருந்தில் பைக்குள் தூக்குப் பாத்திரத்துக்கு அடியில் மாட்டி நசுங்கிப்போயிற்று. இப்போது இருப்பது நாலாவது. அதைத் தூக்குக்குள்ளேயே துணி சுற்றி வைத்துத்தான் எடுத்துப்போகிறேன். இதன் மேல் பாத்திரத்தை நேராக வைக்கவும் முடியாது, வைத்தால் நடுக்குழிக்குக் காற்றுப் போகாமல் திணறும், தனியாகக் கம்பித் தாங்கி வேண்டும். வாய் குறுகல் என்பதால் பாத்திரம் ஆடும். 12 கிராம் எடை என்று பெருமையாகச் சொல்லலாம், தாங்கியையும் சேர்த்து நிறுத்தால் அந்தப் பெருமை இல்லை. கெட்டியான கை இருப்பவர்கள், உட்கார்ந்து செய்வதில் ஆசை இருப்பவர்கள் ஒரு தடவை செய்து பாருங்கள், ஆசைக்காகச் செய்யலாம். நடையில் நம்பிப் போக வேண்டாம்.

அடுத்தது பாலிஷ் டப்பா. ஷூ பாலிஷ் தீர்ந்த தகர டப்பாவை நன்றாகத் துடைத்து, வெட்டவெளியில் வைத்துப் பெயின்ட் போகும்வரை எரித்துவிட்டு (வீட்டுக்குள் செய்யாதீர்கள், அந்தப் புகை நெஞ்சை அடைக்கும்), உள்ளே கண்ணாடிப் பஞ்சைத் திணித்து மேலே சன்னமான இரும்பு வலையை வட்டமாக வெட்டி அமுக்கினால் போதும். கண்ணாடிப் பஞ்சைக் கையுறை போடாமல் தொட்டால் இரண்டு நாள் அரிக்கும். இந்த அடுப்பின் குணம் பொறுமை. ஸ்பிரிட்டைப் பஞ்சு குடித்துவிடும், கை தட்டிக் கவிழ்ந்தாலும் ஆறாக ஓடாது. சுடர் சின்னது, அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கப் பதினைந்து நிமிஷம்கூட ஆகும். ஆனால் ரவை கிண்டும்போது, பால் பொங்காமல் சுண்டும்போது, இது மாதிரி அடக்கமான நெருப்பு மற்ற எதிலும் வராது. மூடியைப் போட்டால் உடனே அணைந்துவிடும், மிச்ச ஸ்பிரிட்டும் உள்ளேயே இருக்கும். குழந்தைகள் கூட இருக்கிற பயணத்துக்கு நான் இதைத்தான் எடுத்துப்போவேன், நேரம் போனால் போகட்டும்.

வாங்கியது பித்தளை பர்னர். டிரான்ஜியா வடிவத்தைப் பார்த்து வேறு யாரோ செய்தது, இணையத்தில் ஒரு கடையில் வாங்கினேன். கையில் எடுத்தால் கனம் தெரிகிறது, 110 கிராம். கும்பகோணத்துக்காரனுக்குப் பித்தளையைத் தட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும், தகடு நன்றாகத்தான் இருந்தது, திருகு மரைதான் சரியில்லை. மூடியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அதை நம்பி ஸ்பிரிட்டோடு மூடிப் பையில் வைத்தேன், மறுநாள் சட்டையெல்லாம் ஆஸ்பத்திரி வாசனை. மாற்றித் தரச் சொல்லி இரண்டு தடவை எழுதினேன், பதில் வரவில்லை. அப்புறம் ஒருநாள் அவசரத்தில் சூடு ஆறுவதற்குள் மூடியைப் போட்டுவிட்டேன், வளையம் உருகிப் பித்தளையோடு ஒட்டிக்கொண்டது. அது என் தவறு, கடைக்காரர் தவறு இல்லை. இந்த வகை பர்னர் வைத்திருக்கிற எல்லாரும் ஒருமுறை செய்கிற தவறு என்பதால் சொல்கிறேன், விரலால் தொட முடிகிற வரை மூடியைத் தொடாதீர்கள். மற்றபடி இது நல்ல அடுப்புதான். சுடரைக் குறைக்க ஒரு வளைய மூடி கூட வருகிறது, பாதி திறந்து வைத்தால் சன்னமாக எரியும். மிதித்தாலும் நசுங்காது. செய்ய நேரமில்லாதவர்கள் வாங்கலாம், ஸ்பிரிட்டை மட்டும் தனிப் புட்டியில் வையுங்கள்.

இனி மில்க்மெய்ட் டின்னுக்கு வருகிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாயசத்துக்கு வாங்கிய டின் வீட்டில் எப்போதும் ஒன்று கிடக்கும். ஏழு சென்டிமீட்டர் சொச்சம் அகலம், இரும்புத் தகடு. அயல்நாட்டில் பூனைச் சாப்பாட்டு டின்னில் செய்வதை நான் இதற்கு மாற்றிக்கொண்டேன், நம் ஊரில் பூனைச் சாப்பாடு பெரும்பாலும் பாக்கெட்டில்தான் வருகிறது. முறை ரொம்பச் சுலபம். டின்னை ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்ட வேண்டும். விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே சுற்றிலும் 16 துளை, அதற்குக் கீழே இடைவெளி பார்த்து இன்னொரு 16. துளை ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர். டின்னுக்குள் உருண்டையான மரக்கட்டையைக் கொடுத்து வெளியிலிருந்து ஆணியால் அடித்து, அரத்தால் பிசிறை எடுக்கலாம்.

நான் முதலில் செய்தது அசிங்கமாக இருந்தது. தகரக் கத்தரியால் வெட்டிய விளிம்பு வாள் பல் மாதிரி, தூக்கு அதன்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். அதைப் பையில் போட்டுக்கொண்டு நாச்சியார்கோவில் பக்கம் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனேன், வேறு வேலையாகத்தான் போனது. குத்துவிளக்குத் தண்டைக் கடைந்துகொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்திவிட்டு டின்னை வாங்கிப் பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"என்ன தம்பி இது, சாமி விளக்கா?"

"இல்லீங்கய்யா, அடுப்பு. ஸ்பிரிட்ல எரியும். வெளியூர் நடந்து போறப்ப காப்பி போட."

"அடுப்புன்னா வாய் சமமா இருக்க வேணாமா? ஓரத்தை மடிச்சு அடிங்க. கையும் அறுக்காது, பாத்திரமும் அசையாது. நீங்க வெட்டினதுல அரைக்கால் அங்குலம் கூட விட்டிருக்கணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஓர் இரும்புக் குண்டின் மேல் டின்னைக் கவிழ்த்து மாட்டி, சின்ன மரச் சுத்தியலால் ஓரத்தை உள்பக்கமாகத் தட்டிக்கொண்டே சுற்றினார். ஒரே இடத்தில் இரண்டு தடவை அடிக்கவில்லை. மூன்று சுற்றில் விளிம்பு உருண்டு மடிந்து பேனாக் கனத்துக்கு வந்துவிட்டது. பிறகு கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்து, எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று குனிந்து பார்த்து அந்த இடத்தை மட்டும் இரண்டு தட்டு. காசு வாங்கவில்லை. அன்றைக்கு அவர் உருட்டிய விளிம்புதான் இந்த அடுப்பின் உயிர். தூக்கை வைத்தால் வாய் முழுக்க மூடிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் உள்ளே எழும் ஆவி பக்கத்துத் துளை வழியாக மட்டும் வெளியே வந்து எரியும். விளிம்பு கோணலாக இருந்தால் மேலேயும் கசிந்து ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக எரிகிறது. துளையின் அளவை விட விளிம்பின் சமம் முக்கியம் என்பதை நான் பார்த்த எந்த வீடியோவிலும் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

பயன்படுத்துவது இப்படி. 20 மி.லி. ஸ்பிரிட் ஊற்றினால் அடியில் அரை சென்டிமீட்டர் நிற்கும். பற்றவைத்து முப்பது, நாற்பது எண்ண வேண்டும், உடனே பாத்திரத்தை வைத்தால் அணைந்துவிடும். ஸ்பிரிட் கொதிக்க ஆரம்பித்ததும் சுடர் உயரும், அப்போது தூக்கை நேராக அடுப்பின் மேலேயே வைக்கலாம், தாங்கி வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் ஏழு நிமிஷத்தில் கொதிக்கிறது, அதற்குள் ஸ்பிரிட்டும் தீரும் தறுவாய்க்கு வருகிறது. நம் ஊரில் ஒரு வசதி உண்டு. மலையில் தண்ணீர் பத்து டிகிரியில் இருக்கும், இங்கே குழாயிலேயே 28, 30 டிகிரி, ஐந்தில் ஒரு பங்கு சூடு இலவசம். குளிர் நாட்டுக்காரர்கள் சொல்கிற ஸ்பிரிட் அளவை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. சுடர் பக்கவாட்டில் பரவுவதால் அகலமான அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் வேண்டும். டம்ளர் மாதிரி ஒடுக்கமாக இருந்தால் பாதிச் சூடு காற்றோடு போய்விடும். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற எவர்சில்வர் தூக்கு இதற்கு அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்துகிறது. மூடி உண்டு, பிடி உண்டு. சுடரைக் கூட்டவும் குறைக்கவும் வழி இல்லை என்பது இன்னொரு குறை.

சரி, காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. கபிஸ்தலத்துக்கு முன்னால் ஒரு படித்துறையில் முதல் நாள் காலை, தகடு இல்லாமல் சமாளித்துவிடலாம் என்று சித்தப்பாவின் குடையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தேன். 20 மி.லி. தீர்ந்தது, தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் நின்றது. இன்னொரு 20, அப்போதும் குமிழி வரவில்லை. "ஏம்ப்பா, வெந்நீரே போதும், கொடு" என்று சித்தப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவலை அதிலேயே நனைத்துச் சாப்பிட்டார். மறுநாள் கும்பகோணத்தில் அலுமினியத் தகடு அரை மீட்டர் வாங்கி, பாத்திர உயரத்தில் முக்கால் பங்கு வருகிற மாதிரி வெட்டி, சுற்றி வளைத்து, இரண்டு முனையையும் பேப்பர் கிளிப்பால் கோத்தேன். பாத்திரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, கீழ் ஓரத்தில் காற்று வராத பக்கமாக ஆறேழு துளை. ஆடுதுறைக்கு அந்தப் பக்கம் அதே காற்று, அதே தண்ணீர், ஒன்பது நிமிஷத்தில் கொதித்தது. தகட்டின் எடை 40 கிராம். அடுப்பைச் செய்ய நீங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தகட்டுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு விஷயம், காஸ் குப்பி மேலேயே உட்காருகிற அடுப்பைச் சுற்றி இப்படி நெருக்கித் தகடு வைக்கக் கூடாது, குப்பி சூடேறி வெடிக்கும். ஸ்பிரிட் அடுப்புக்கு அந்தப் பயம் இல்லை.

எரிபொருள்தான் நம் பக்கத்தில் உண்மையான சிக்கல். வெளிநாட்டில் பெயின்ட் கடையிலேயே ஸ்பிரிட் கேனில் வாங்குவார்கள். இங்கே அது நடக்காது, நடக்கவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன். அப்படி விற்கிற ஸ்பிரிட்டில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருக்கலாம், அந்தப் பெயரைக் கேட்டாலே நமக்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி ஞாபகம் வரும். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் போனார்கள். உடம்புக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது, பிழைத்தவர்களுக்கும் பார்வை போகலாம். தோல் வழியாகவும் ஆவி வழியாகவும்கூட உள்ளே போகும். அதனால் யாராவது தொழிற்சாலை ஸ்பிரிட் மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததை எரிக்கவும் வேண்டாம்.

நான் வாங்குவது மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட். லேபிளைப் படித்து எத்தனால் என்று இருப்பதை வாங்குகிறேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் எரியும், ஆனால் சுடர் மஞ்சள், தூக்கின் அடி கரி பிடிக்கும், துலக்குவதற்குள் கை வலித்துவிடும். சானிடைசர் தண்ணீராக இருப்பது ஓரளவுக்கு எரியும், 70, 80 சதவீதம்தான் ஆல்கஹால் என்பதால் கடைசியில் அடியில் தண்ணீர் தங்கிச் சடசடவென்று தெறிக்கும். ஜெல் சானிடைசர் வேண்டவே வேண்டாம். கற்பூரம் வைத்தால் போதாதா என்று சத்திரத்தில் ஒரு அம்மா கேட்டார்கள். வைத்துப் பார்த்திருக்கிறேன், பாத்திரம் தார் பூசினது மாதிரி ஆகிவிடும், காப்பியில் கோவில் வாசனை வரும்.

எடைக்கு எடை பார்த்தால் காஸில் இருக்கிற சூட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எத்தனாலில் இருக்கிறது. ஆனால் காஸுக்கு இரும்புக் குப்பியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 70 மி.லி. ஆயிற்று, நாலு நாளைக்கு 300 மி.லி. புட்டி ஒன்று போதுமானது. ஒரு வாரத்துக்கு மேல் போவதென்றால் காஸ்தான் லாபம்.

அந்தப் புட்டி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஸ்பிரிட் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். ஆற்றங்கரையில் தாகத்தோடு யாரும் எடுத்து வாயில் கவிழ்க்கலாம். நான் சிவப்பு மூடி போட்ட தட்டையான மருந்துப் புட்டியில் ஊற்றி, நாலு பக்கமும் "விஷம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்று, பகலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம், பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாசம், பாபநாசம் பக்கம் ஒரு களத்து மேட்டில் மத்தியானம் குளிர்பான டின் அடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறுவடை முடிந்து களம் முழுக்கத் தூசி வைக்கோல், முப்பதடி தள்ளி வைக்கோல் போர். துண்டை எடுக்கத் திரும்பினேன், முழங்கால் பட்டு அடுப்பு சாய்ந்தது. எதுவும் எரிவது மாதிரித் தெரியவில்லை. கீழே கிடந்த வைக்கோல் ஒவ்வொன்றாகக் கறுத்துச் சுருண்டுகொண்டே போவது மட்டும் தெரிந்தது, அதற்கு மேல் காற்று கானல் மாதிரி நெளிந்தது. காலால் மிதித்தேன், செருப்பு ஓரம் பிடித்துக்கொண்டது. களத்துக்காரர் மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை அப்படியே கொண்டுவந்து ஊற்றினார். ஸ்பிரிட் தண்ணீரோடு கலக்கிற சரக்கு, அதனால் மண்ணெண்ணெய் மாதிரி மிதந்து பரவாமல் அணைந்துவிட்டது. அவர் கத்தவில்லை. "வைக்கோல் கிட்ட நெருப்பக் கொண்டாராதீங்க தம்பி. வருஷம் பூரா எங்க மாட்டுக்கு இதான் சாப்பாடு" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் வேகமாக வரவில்லை என்றால் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அன்றிலிருந்து கல்படியிலோ சிமென்ட் தரையிலோ ஈர மணலிலோதான் பற்றவைக்கிறேன், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் எப்போதும் இருக்கும். அணைந்துவிட்டதா என்று பார்க்கக் காய்ந்த இலையை மேலே காட்டுகிறேன். எரிந்த அடுப்பில் உடனே ஸ்பிரிட் ஊற்றுவதே இல்லை. தெரியாத சுடர் ஒன்று உள்ளே இருந்தால் நெருப்பு ஊற்றுகிற தாரையோடு ஏறிக் கையில் இருக்கிற புட்டிக்கு வந்துவிடும், இந்த அடுப்புகளில் நடக்கிற மோசமான தீக்காயம் எல்லாம் அப்படித்தான். போதவில்லை என்றால் ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, அளந்த மூடியில் எடுத்து ஊற்றுங்கள், புட்டியிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். மூடிய அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எரிக்கக் கூடாது, எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை.

என்ன சமைக்கலாம்? புழுங்கலரிசிச் சோறு இதில் ஆகாது, முயற்சி செய்யவும் வேண்டாம், அரை மணி நேரம் எரிக்க 80 மி.லி. போகும். அவல், ரவை, சேமியா, இவை போதும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துக் கொண்டுபோனால் பொங்கல்கூட வந்தது. ராத்திரியே ஊறவைத்து, காலையில் ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்து, தூக்கை இறக்கி மூடியை இறுக்கி, கைத்துண்டு இரண்டைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். இருபத்தைந்து நிமிஷம் நடந்தால் அடுத்த படித்துறையில் சாப்பிடலாம். திருவிடைமருதூரில் கிளம்பும்போது கட்டியதை வழியில் ஒரு ஆலமரத்தடியில் பிரித்தோம், மிளகு வாசனையோடு ஆவி பறந்தது, சித்தப்பா கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். காப்பிக்கு வீட்டிலேயே கெட்டி டிகாக்ஷன் இறக்கிச் சின்ன எவர்சில்வர் புட்டியில் கொண்டுபோவேன். பால் மட்டும் கரையோர ஊரில் கறக்கிற வீட்டில் வாங்கிக் காய்ச்சினால் போதும், 15 மி.லி. ஸ்பிரிட்டில் இரண்டு டவரா காப்பி.

இரண்டு இடத்துக்கு இதைக் கொண்டுபோகவே கூடாது. ஒன்று ரயில். தீப்பிடிக்கிற பொருளோடு ரயிலில் ஏறினால் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை உண்டு. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் காஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறக்க முடியுமா. ஸ்பிரிட்டைப் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள், அடுப்பு வெறும் டின்தான். பேருந்துக்கும் அதே கணக்குதான். இன்னொன்று காடு. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் காட்டுத் தீயில் கருகினார்கள். காட்டுப் பாதையில் அடுப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நெருப்பு நெருப்புதான். கோடியக்கரை சரணாலயத்துக்குப் போனபோது அடுப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, முந்தின நாள் கட்டிய புளிச்சோறு கொண்டுபோனேன்.

பூம்புகாரில் கடைசி நாள் சாயங்காலம் கடற்கரையில் தகட்டை வைத்தும் கொஞ்சம் திணறியது, கடல் காற்று மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது. தகட்டின் கீழ் ஓரத்தை ஒரு விரற்கடை மணலில் புதைத்ததும் சரியாகிவிட்டது. சித்தப்பா தன் டவராவை நீட்டி, "அடுத்த ஆடிக்கு எனக்கும் ஒண்ணு செஞ்சு வைப்பா, டின் நான் தரேன்" என்றார். வீட்டுக்கு வந்த மறுவாரமே பாயசம் வைத்து, கழுவிய டின்னை என் சித்தி கையில் கொடுத்தனுப்பிவிட்டார். இந்தத் தடவை விளிம்புக்கு அரைக்கால் அங்குலம் கூட விட்டுத்தான் வெட்டியிருக்கிறேன், நாச்சியார்கோவிலுக்குப் போக வேண்டும்.